குழம்பு ஏன் சேறாக விழுகிறது: வீட்டுச் சாப்பாட்டைப் படம் எடுப்பது பற்றி

யாங்கோன் (பழைய ரங்கூன்) டவுனுக்குள் நாலாவது மாடி வீட்டில் சமைத்து, பக்கத்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணா, சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் ருசி என்கிறார்கள். ஆனால் நான் எடுக்கிற படத்தைப் பார்த்தால் எனக்கே சாப்பிடத் தோன்றவில்லை. சோறு சாம்பல் நிறத்தில் இருக்கிறது, குழம்பு சேறு மாதிரி இருக்கிறது. நல்ல கேமரா வாங்கலாம் என்று சீட்டுப் பணத்தை எடுத்து வைத்திருக்கிறேன். எது வாங்கலாம்?”

தங்கச்சி, சீட்டுப் பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் அனுப்பிய ஆறு படங்களையும் பார்த்தேன். ஆறும் ராத்திரியில், டியூப் லைட்டுக்கு நேர் கீழே, எவர்சில்வர் தட்டில் வைத்து எடுத்தவை. அதே தட்டை அதே இடத்தில் வைத்து எவ்வளவு விலை உயர்ந்த கேமராவில் எடுத்தாலும் குழம்பு அப்படித்தான் விழும். உங்கள் கையில் இருக்கிற போனே போதும். முதலில் அதன் லென்ஸைப் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். சமையல்கட்டில் புழங்கும் போனில் எண்ணெய்ப் பிசுக்கு படியாமல் இருக்காது. உங்கள் மூன்றாவது படத்தில் எல்லாமே புகைக்குள் இருப்பது போலத் தெரிவதற்கு அதுதான் காரணம். ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு முன்னால் துடைக்க வேண்டும், கை கழுவுகிற மாதிரி.

சரி, குழம்புக்கு வருவோம். நம் சாப்பாட்டில் முக்கால்வாசி பழுப்பு நிறம். கறிக்குழம்பு, மீன் குழம்பு, காரக்குழம்பு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு எல்லாம் ஒரே நிறத்தின் அண்ணன் தம்பிகள். பழத்தட்டு, கேக் மாதிரியான பண்டங்களுக்கு நிறமே பாதி வேலையைச் செய்துவிடும். நமக்கு அந்த வசதி கிடையாது. நேரில் பார்க்கும்போது குழம்பைப் பார்த்து வாயூறுகிறதே, அது எதனால்? மேலே திரண்டு நிற்கும் எண்ணெயின் மினுமினுப்பு, மீன் துண்டின் மேல் ஒட்டியிருக்கும் மசாலாவின் சொரசொரப்பு, தாளித்த கடுகு, தலை தூக்கி நிற்கும் கறிவேப்பிலை. இவை எல்லாமே மேடு பள்ளமும் ஈரமும்தான். மேடு பள்ளத்தைக் காட்ட நிழல் வேண்டும். ஈரத்தைக் காட்ட மினுக்கம் வேண்டும். தலைக்கு மேலே இருந்து விழும் டியூப் லைட் நிழலை எல்லாம் பொருளுக்கு அடியிலேயே ஒளித்துவிடும். போனின் பிளாஷ் அதைவிட மோசம்: நாம் பார்க்கிற திசையிலிருந்தே வெளிச்சம் போவதால், இருக்கிற கொஞ்சநஞ்ச நிழலையும் அழித்துவிட்டு, குழம்பின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டை மட்டும் வைத்துவிட்டு வரும். நிழலும் மினுக்கமும் போனபிறகு மிஞ்சுவது வெறும் பழுப்பு. அதைத்தான் நீங்கள் சேறு என்கிறீர்கள்.

ஆகவே நான் சொல்லப் போவது எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். ஒரே ஒரு ஜன்னலின் வெளிச்சம் தட்டுக்குப் பின்னால் இருந்தோ, பக்கவாட்டில் இருந்தோ வர வேண்டும். அடுப்பை விட்டு இறக்கிய சில நிமிடங்களுக்குள் எடுத்துவிட வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நம் டவுன் வீடுகளின் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1852-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்த பிறகு, கட்டம் கட்டமாகத் தெருப் போட்டார்கள். ஸ்ட்ராண்ட் ரோடு, மகாபந்துலா ரோடு, அனவ்ரதா ரோடு போன்ற பெரிய சாலைகள் ஆற்றை ஒட்டினாற்போல் கிழக்கு மேற்காகப் போகின்றன. எண் போட்ட சின்னத் தெருக்கள் ஆற்றுப் பக்கத்தில் இருந்து வடக்கு நோக்கி ஏறுகின்றன. அப்படியென்றால், எண் போட்ட தெருவில் இருக்கும் வீட்டின் முன்பக்கம் கிழக்கையோ மேற்கையோதான் பார்க்கும். வீடு நீளம், ஒடுக்கம். முன்னால் தெருவைப் பார்த்து ஒரு பால்கனி, கடைசியில் சமையல்கட்டு, நடுவில் பட்டப்பகலிலும் லைட் போட வேண்டிய இருட்டு. சமையல்கட்டின் பின்ஜன்னல் திறப்பது ஒடுக்கமான பின்சந்துக்குள். அங்கே வருகிற வெளிச்சம் எதற்கும் போதாது.

அதனால் சமையல்கட்டில் படம் எடுப்பதை விட்டுவிடுங்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டின் முன்பக்கம் வாருங்கள். இருபது முப்பது அடி நடக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வீடு மேற்கே பார்க்கிறது என்றால் காலையில் இருந்து மதியம் 12 மணி வரை நேர் வெயில் உள்ளே வராது, ஆனால் வானத்தின் வெளிச்சம் தாராளமாக வரும். மதியச் சாப்பாடு தயாராகும் நேரமும் அதுவே. இதைவிடக் கொடுப்பினை வேண்டாம். கிழக்கே பார்க்கும் வீடு என்றால் பத்து, பத்தரை வரை வெயில் சுள்ளென்று தட்டில் விழும். அதற்குப் பிறகு நல்ல வெளிச்சம். அவசரமாகக் காலையிலேயே எடுக்க வேண்டும் என்றால் ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டிவிடுங்கள். நேர் வெயில் அந்த வேட்டி முழுவதும் பரவி மெத்தென்று உள்ளே வரும். வெளிச்சம் வரும் பரப்பு பெரிதாகவும் தட்டுக்குக் கிட்டத்திலும் இருந்தால் நிழலின் ஓரம் மென்மையாகும். சின்னதாகவோ தூரத்திலோ இருந்தால் நிழல் கத்தி போல் விழும். சூரியன் பெரிதுதான் என்றாலும் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் நமக்கு அது ஒரு சின்னப் புள்ளி. வேட்டியைக் கட்டியதும் அந்தப் புள்ளிக்குப் பதிலாக ஜன்னல் அளவுக்கு ஒரு விளக்கு கிடைத்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நம் தெருக்கள் ஒடுக்கம். எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் உங்கள் தட்டில் விழும். எதிர்ச்சுவருக்குப் பச்சையோ நீலமோ அடித்திருந்தால் உங்கள் சோற்றில் அந்தச் சாயல் லேசாக ஏறும். ஜன்னல் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சாயல் ஏறினால் தட்டை ஒன்றிரண்டு அடி உள்ளே நகர்த்துங்கள், அல்லது அந்த வேட்டியையே கட்டுங்கள்.

மழைக்காலத்தை வீணாக்காதீர்கள். மே நடுவில் இருந்து அக்டோபர் வரை நம் வானம் முழுவதும் வேட்டி கட்டினது போல்தான் இருக்கும். குழம்பு எடுக்க அதைவிட மென்மையான வெளிச்சம் இல்லை. குறை என்னவென்றால் வெளிச்சம் கம்மி. கம்மியானால் போன் கூடுதல் நேரம் பார்த்துத்தான் படம் எடுக்கும், அந்த நேரத்தில் கை ஆடினால் படம் கலங்கும். போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்து, 3 விநாடி டைமர் போட்டுவிடுங்கள். பட்டனை அமுக்கும்போது வரும் ஆட்டமும் போய்விடும்.

ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது வீட்டு விளக்கை அணைத்துவிட வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. இருட்டாக இருக்கிறதே என்று கூடவே லைட்டையும் போடுகிறார்கள். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு நிறம் இருக்கிறது. அதைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள். மெழுகுவர்த்தி ஏறக்குறைய 1900, பழைய குண்டு பல்பு 2700, நடுப்பகல் வெயில் 5500, மேகம் மூடிய வானம் 6500-க்குப் பக்கம். எண் ஏற ஏற மஞ்சள் குறைந்து நீலம் கூடும். நம் கண் இதையெல்லாம் தானாகச் சரிசெய்து சோற்றை வெள்ளையாகவே காட்டும். போனும் சரிசெய்யும், ஆனால் ஒரு சமயத்தில் ஒரு வெளிச்சத்தைத்தான் சரிசெய்ய முடியும். ஜன்னலும் பல்பும் சேர்ந்து விழுந்தால் தட்டில் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். பிறகு ஆப் வைத்து அதைப் பிரித்தெடுப்பது லேசான வேலை இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கல்யாணம், கோயில் திருவிழா என்று படம் எடுக்க ஆரம்பித்த புதிதில், ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு இறால் குழம்பு, கோழிக்குழம்பு என்று எட்டு வகை எடுத்துக் கொடுத்தேன். கடைக்குள் டியூப் லைட், வாசலில் இருந்து பகல் வெளிச்சம், இரண்டுக்கும் நடுவில் மேஜை. சின்னத் திரையில் பார்க்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஆறடிப் பேனராக அடித்து மாட்டிய பிறகு பார்த்தால் இறால் எல்லாம் ஒரு பக்கம் பச்சை பாய்ந்து, கெட்டுப்போனது போல் இருந்தது. கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, காசையும் முழுதாகக் கொடுத்தார். இரண்டு மாதம் அந்தப் பேனர் அங்கேயே தொங்கியது. அந்தத் தெரு வழியாகப் போகும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைப் பிசையும். சமைத்தவரின் கைக்கு நான் துரோகம் செய்தேன் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

கரண்ட் போனால் போடுகிற பேட்டரி லைட்டில் எடுக்கவே வேண்டாம். மலிவான எல்.இ.டி. விளக்குகள் சிவப்பைச் சரியாகக் காட்டாது. மிளகாயும் தக்காளியும் செத்துத் தெரியும். சில விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மின்னுவதால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். கரண்ட் இல்லாத பகலில் ஜன்னல் இருக்கிறது. இந்த வேலைக்குக் கரண்ட்டே தேவையில்லை என்பது நம் ஊருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி.

இப்போது ஒரு படம் எப்படி உருவாகிறது என்று முழுதாகச் சொல்கிறேன். போன ஞாயிறு அம்மா மீன் குழம்பு வைத்தார்கள். எங்கள் வீடும் மேற்கே பார்த்த வீடுதான். மணி பதினொன்று. ஜன்னலில் இருந்து இரண்டடி தள்ளி ஒரு முக்காலி, அதன் மேல் பழைய மரப்பலகை. வீட்டு விளக்கு எல்லாம் அணைத்தாயிற்று. குழம்பை ஊற்றுவதற்கு முன்னால் காலிச் சட்டியை வைத்தே இடம், கோணம் எல்லாம் பார்த்துக்கொண்டேன். இது முக்கியம். சாப்பாடு வந்த பிறகு யோசிக்க உட்கார்ந்தால் அது ஆறிவிடும்.

ஜன்னல் எனக்கு எதிரே, கொஞ்சம் இடப்பக்கமாக. கடிகார முகத்தை மேஜையில் படுக்க வைத்தது போல் நினைத்துக்கொள்ளுங்கள்: நான் 6-இல் நிற்கிறேன், ஜன்னல் 10-இல் இருக்கிறது. வெளிச்சம் குழம்பின் மேல் சாய்வாக வழுக்கிக்கொண்டு என் பக்கம் வருகிறது. அம்மா மண்சட்டியில் குழம்பை ஊற்றி, நடுவில் ஒரு துண்டு மீனை முதுகு தெரிகிற மாதிரி வைத்தார்கள். முதல் படத்தில் மீனின் எனக்குப் பக்கமான பாதி இருண்டு போயிற்று. பெட்டிக்குள் வைத்து வருமே, வெள்ளைத் தெர்மாகோல், அதில் ஒரு துண்டை என் பக்கம், சட்டிக்கு வலப்புறம் நிறுத்தி வைத்தேன். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி இருட்டுப் பாதியில் லேசாக விழுந்தது. நிழல் இருந்தது, ஆனால் கறுப்பாக இல்லை. தெர்மாகோல் இல்லையென்றால் ஒரு வெள்ளைத் தாளை அட்டையில் ஒட்டி நிறுத்தினாலும் போதும்.

இரண்டாவது படத்தில் வேறு தொல்லை. அம்மா பர்மாக்காரர்கள் செய்கிற மாதிரி எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை சுண்ட விடுவார்கள். அந்த எண்ணெய்ப் பரப்பு கண்ணாடி மாதிரி ஜன்னலையே பிரதிபலித்தது. குழம்பின் சிவப்பு முழுவதும் வெள்ளையாக மூடிவிட்டது. இங்கேதான் பலரும் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து ஜன்னலை மூடுவார்கள். அது தேவையில்லை. கேரம் போர்டில் காய் எந்தச் சாய்வில் போய்ப் பக்கவாட்டில் மோதுகிறதோ அதே சாய்வில் திரும்பும், இல்லையா? வெளிச்சமும் அப்படியே. ஆகவே நீங்கள் போனை நாலு விரல் மேலே ஏற்றினாலோ, கீழே இறக்கினாலோ அந்த வெள்ளை நகர்ந்துவிடும். நான் மெல்ல ஏற்றிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் வெள்ளை சுருங்கி, சட்டியின் அந்தப் பக்க ஓரத்தில் ஒரு பிறை மாதிரி ஒதுங்கிக்கொண்டது. நடுவில் எண்ணெயின் செம்மஞ்சள் தெரிந்தது, மீனின் முதுகில் ஒரு மெல்லிய கோடு மின்னியது. அந்தக் கோடுதான் ஈரம். அதை முழுதாகவும் துரத்திவிடக் கூடாது. போலரைசர் என்று ஒரு கண்ணாடி விற்கிறார்கள், மினுக்கத்தை நீக்கும் என்பார்கள். நீக்கும்தான், ஆனால் நமக்கு வேண்டிய மினுக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டு, குழம்பைக் காய்ந்த களிமண் மாதிரி ஆக்கிவிடும். வாங்க வேண்டாம்.

அதற்குள் “ஆறிப் போகுதுடா” என்று அம்மா சத்தம் போட்டார்கள். தாளிப்புக் கரண்டியில் இருந்து கடைசிக் கறிவேப்பிலையை அப்போதுதான் போட்டார்கள். சுருண்டு, பளபளவென்று இருந்தது. ஒரு படம். அந்த ஒன்றுதான் நன்றாக வந்தது. ஊற்றியதில் இருந்து அது வரைக்கும் ஐந்து நிமிடம் இருக்கும்.

அந்த ஐந்து நிமிடம் என்பது எல்லாச் சாப்பாட்டுக்கும் ஒன்றாக இருக்காது, சமைக்கிற உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அப்பளத்துக்கு நம் மழைக்காலத்தில் அவ்வளவு ஆயுள் கிடையாது. பொரித்ததும் எடுத்துவிட வேண்டும். தாளிப்பு ஊறிவிட்டால் கறிவேப்பிலை கறுத்துத் தொங்கும். பால் பாயசத்தில் ஏடு கட்டும். சோறு ஓரத்தில் காய்ந்து விறைக்கும். கொஞ்சம் வெந்நீர் தெளித்துக் கிளறிவிட்டால் மறுபடி உயிர் வரும். கீரையும் பீன்ஸும் பச்சையாகத் தெரிய வேண்டும் என்றால் அது அடுப்பிலேயே முடிவாகிற விஷயம். இலையின் பச்சைக்குள் மெக்னீசியம் இருக்கிறது. நீண்ட சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது கழன்று போய், பச்சை மங்கி ஆலிவ் நிறமாகும். ஆகவே மூடாமல் வேகவைத்து, சீக்கிரம் இறக்கி, புளியோ எலுமிச்சையோ கடைசியில் சேருங்கள். போனில் பச்சையைக் கூட்டுவதைவிட அடுப்பில் காப்பாற்றுவது நல்லது.

ஆவி பறக்கிற படம் வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்படுகிறார்கள். ஆவி தெரிய இரண்டு வேண்டும்: பின்னால் இருந்து வெளிச்சம், அதற்குப் பின்னணியில் இருட்டு. வெள்ளைச் சுவருக்கு முன்னால் எவ்வளவு கொதித்தாலும் தெரியாது. நம் நீளமான வீடு இதற்கென்றே கட்டியது போல் இருக்கிறது. ஜன்னல் தட்டுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் பின்னால் இருக்கட்டும், போன் வீட்டின் உள் இருட்டைப் பார்க்கட்டும். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் நன்றாக வரும். ஏப்ரல் வெக்கையில் முயற்சி செய்ய வேண்டாம்.

அப்புறம் சாம்பல் சோறு. நம் பவ்சான் அரிசி 2011-இல் உலகின் சிறந்த அரிசி என்று பரிசு வாங்கிய அரிசி. அதைச் சாம்பலாகக் காட்டலாமா? காரணம் எளிது. எதைக் காட்டினாலும் போன் அதைச் சராசரி வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். தட்டு முழுக்க வெள்ளைச் சோறு என்றால், ஐயோ அதிகம் என்று நினைத்துத் தானே குறைத்துவிடும். திரையில் சோற்றின் மேல் ஒருமுறை தொடுங்கள். பக்கத்தில் சூரியன் போல் ஒரு குறி வரும்; அதை மெல்ல மேலே இழுங்கள். பருக்கை பருக்கையாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். பருக்கைகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் வெள்ளையாகிவிட்டால் அதிகம். கறுத்த சட்டி என்றால் இதற்கு நேர்மாறு: போன் வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நீங்கள் கீழே இழுக்க வேண்டும்.

எவர்சில்வர் தட்டு சாப்பிட நல்லது, படத்துக்கு ஆகாது. அது கண்ணாடி. ஜன்னல், உங்கள் புடவை, கூரை விசிறி எல்லாம் அதில் தெரியும். வாழை இலையைத் தட்டின் மேல் வெட்டிப் போட்டால் போதும். பழுப்புக் குழம்புக்குப் பச்சை இலையைப் போல் எதுவும் துணை நிற்காது. எல்லார் வீட்டிலும் ஒன்றிரண்டு எனாமல் தட்டு கிடக்கும், ஓரத்தில் நீலக்கோடு போட்டது. அது மிக அழகாக விழும். தெய்ன்ஜி ஜே சந்தையில் மண்சட்டியும் மங்கின நிறப் பீங்கானும் தேடிப் பாருங்கள். ஒரு பீங்கானை வாங்கும் முன்னால் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள், பளிச்சென்று மின்னினால் வேண்டாம். பூப்போட்ட மேஜை விரிப்பும் வேண்டாம். கண் அங்கே போய்விடும்.

கோணத்துக்குப் பெரிய கணக்கு இல்லை. தட்டையாகப் பரப்பி வைத்தது, அதாவது இலைச் சாப்பாடு, பல கிண்ணங்கள் உள்ள தட்டு, லபெத் (ஊறவைத்த தேயிலை) கலவை வைக்கிற அறைகள் பிரித்த தட்டு, இவற்றை நேர் மேலே இருந்து எடுக்கலாம். கிண்ணத்தில் உள்ளதை, நாம் உட்கார்ந்து சாப்பிடப் போகும்போது பார்க்கிற சாய்வில் எடுக்கலாம். அடுக்கி நிற்பதை, இட்லி, தோசைச் சுருள், வடை எல்லாவற்றையும் தட்டின் மட்டத்துக்கே இறங்கி எடுக்க வேண்டும். கிட்டே போய் எடுக்கிறீர்கள், அதனால்தான் உங்கள் கிண்ணங்கள் முன்பக்கம் வீங்கி, பின்பக்கம் சூம்பித் தெரிகின்றன. போனின் வழக்கமான லென்ஸ் அகலப் பார்வை கொண்டது. இரண்டடி பின்னால் போய் 2 மடங்கு பெரிதாக்கி எடுங்கள், கிண்ணம் வட்டமாகவே நிற்கும்.

மொஹிங்காவைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள், ஞாயிற்றுக்கிழமை அதையும் செய்கிறேன் என்று. கெளுத்தி மீன் சாறு, வாழைத்தண்டு, அரிசி நூடுல்ஸ் எல்லாமே ஒரே மங்கல் நிறம் என்பதால் அது குழம்பைவிடக் கஷ்டம். சாறு நிறைய ஊற்றாதீர்கள். நூடுல்ஸை நடுவில் மேடாக வைத்து, சாறு அதைச் சுற்றி நிற்கட்டும். அவித்த முட்டையை வெட்டிய முகம் ஜன்னலைப் பார்க்கட்டும். கொத்தமல்லி, ஒரு எலுமிச்சைத் துண்டு, வறுமிளகாய்த் தூள் ஒரு சிட்டிகை. மேலே வைக்கிற மொறுமொறுப்பான பொரித்த துண்டை மட்டும் கடைசியில், சாற்றில் பாதி நனையாமல் சாய்த்து வையுங்கள். சென்னை வியாசர்பாடியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இப்படி எடுத்த ஒரு படத்தை அனுப்பினேன். 1960-களில் இங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள். பதிலுக்கு ஒன்றும் எழுதவில்லை. போன் பண்ணி, “வாழைத்தண்டு தெரியுதுப்பா” என்று மட்டும் சொன்னார்கள்.

சாம்பாரில் காய் எல்லாம் அடியில் போய்விடுகிறது என்கிறீர்களே, அந்தத் தொல்லை ரொம்பப் பழையது. அமெரிக்காவில் கேம்பல் கம்பெனியின் சூப் விளம்பரத்துக்குப் படம் எடுத்தவர்கள், கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டு, காய்களை மேலே தூக்கி நிறுத்தினார்கள். இது மக்களை ஏமாற்றும் வேலை என்று அங்கே அரசின் வணிக ஆணையம் 1970-இல் நடவடிக்கை எடுத்தது. நீங்கள் விற்கிறவர். படத்தில் நாலு முருங்கைக்காய் தெரிந்து, பொட்டலத்தில் ஒன்று இருந்தால் அந்த ஆள் அடுத்த நாள் வரமாட்டார். கோலி வேண்டாம். ஆழமில்லாத, அகலமான கிண்ணத்தை எடுங்கள். முதலில் காய்களைக் கரண்டியால் அள்ளி வைத்து, சாம்பாரை ஓரமாக ஊற்றுங்கள். நீங்கள் அனுப்புகிற அளவே இருக்கும், ஆனால் அது தெரியும்.

அதே காரணத்துக்காக, வாரத்தில் ஒரு படமாவது டிபன் கேரியரிலேயே எடுத்துப் போடுங்கள். அடுக்குகளைப் பிரித்து ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்து, மேலே இருந்து ஒரு படம். சோறு இவ்வளவு, குழம்பு இவ்வளவு, பொரியல் இவ்வளவு. இலையில் பரிமாறிய படம் ஆசையைக் கிளப்பும். பணம் கொடுக்கிறவருக்கு டிபன் கேரியர் படம்தான் நம்பிக்கை கொடுக்கும்.

எடுத்த பிறகு போனில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ஸ்னாப்சீட் என்கிற ஆப் இலவசம். அதில் நிறத்தைச் சரிசெய்யும் இடத்தில் சோற்றைப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள். சோறு வெள்ளையானால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும். நிறச்செறிவைக் கூட்டவே கூட்டாதீர்கள். மிளகாய் எண்ணெய் முதலில் சிவப்புச் சாயம் கொட்டினது போல் ஆகும், மசாலாவின் சொரசொரப்பு அதற்குள் மூழ்கிவிடும். குழம்பு இன்னும் கொஞ்சம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்றால் நிழலைச் சற்று ஆழமாக்குங்கள். வைபரில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், பேனர் அடிக்கிறவருக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் பைலாக அனுப்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சீட்டுப் பணத்தில் ஏதாவது வாங்கத்தான் வேண்டும் என்றால் என் வரிசை இது: இரண்டு எனாமல் தட்டு, ஒரு மண்சட்டி, போனைப் பிடித்து நிறுத்தும் ஒரு சின்ன ஸ்டாண்ட். மிச்சத்தை எடுத்து வையுங்கள். நாளைக்கு மழை மேகமாக இருந்தால் பதினோரு மணிக்குக் குழம்பை முன்பக்கம் கொண்டுவந்து பத்துப் படம் எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் போனை நாலு விரல் உயர்த்தி. எல்லாவற்றையும் அனுப்புங்கள், எந்த உயரத்தில் எண்ணெய் ஒதுங்குகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.